ஒட்டகத்தின் இரண்டு சென்டிமீட்டர்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், ஆய்வுக்கூடத்திலும் தெரியும். அந்தச் செவ்வாய்க்கிழமை எங்கள் பல்கலைக்கழக வாலிபால் அணியின் இருபத்துநாலு பெண்களுக்கும் தெரிந்துபோயிற்று.

அன்று கடைசி அளவீடு. பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்த வேலையை விட்டுவிட்டு, முப்பத்தெட்டு வயதில் முனைவர் பட்டம் வாங்கியே தீருவேன் என்று நான் கிளம்பி வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அந்த மூன்று வருடமும் அன்றைய ஒரு காலைப் பொழுதில் வந்து நின்றது. அணியை இரண்டாகப் பிரித்திருந்தேன். பன்னிரண்டு பேருக்கு வழக்கமான பயிற்சி. மீதிப் பன்னிரண்டு பேருக்கு நானே யோசித்து உருவாக்கிய பயிற்சி, எட்டு வாரம். எடையைத் தூக்குவதில் அல்ல, அதை மெதுவாக இறக்குவதில்தான் என் பயிற்சியின் உயிர் இருக்கிறது. எடையோடு உட்காரும்போது ஐந்து எண்ணி உட்கார வேண்டும். மரப்பெட்டி மேலிருந்து குதித்து, தரைக்கே தெரியாமல் இறங்க வேண்டும். "பூனை மாதிரி, பூனை மாதிரி" என்று எட்டு வாரமும் கத்திக் கத்தி என் தொண்டை கட்டிக்கொண்டது.

இறக்கத் தெரிந்த கால் நன்றாக எம்பும் என்பது என் கட்சி. அது உண்மையா என்று பார்க்க ஒரு கறுப்பு ரப்பர் விரிப்பு இருந்தது. எங்கள் பேச்சில் அதற்குப் பெயர் மேட். அதிலிருந்து ஒரு வயர் மடிக்கணினிக்குப் போகும். இடுப்பில் கை வைத்து அதன் மேல் நின்று எம்பிக் குதித்தால், பாதம் எவ்வளவு நேரம் விரிப்பைத் தொடாமல் இருந்தது என்று பார்த்து, அதை வைத்து உயரத்தைக் கணக்குப் போட்டுச் சொல்லும்.

என் பன்னிரண்டு பேரில் பதினொரு பேர், எட்டு வாரத்துக்கு முன் குதித்ததைவிட ஐந்து, ஆறு, ஏழு சென்டிமீட்டர் அதிகம் குதித்தார்கள். மற்றக் குழுவில் அரை, முக்கால். எண்கள் திரையில் விழ விழ எனக்குத் தலைகால் புரியவில்லை. சராசரி ஆறு. ஆறு சென்டிமீட்டர் என்பது எங்கள் துறையில் சின்ன விஷயம் இல்லை. என் மனம் அதற்குள் பட்டமளிப்பு விழாவுக்குப் போய்ப் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பியிருந்தது.

கடைசியாக ஒட்டகம் வந்தாள். அணியிலேயே உயரமான பெண், கழுத்தும் கொஞ்சம் நீளம். பெயர் வைத்தது அவள் தோழிகள். அவளும் கூப்பிட்டால் கோபித்துக்கொள்ளாமல் திரும்பிப் பார்ப்பாள். குதித்தாள், 'தொம்' என்று இறங்கினாள். இரண்டு சென்டிமீட்டர். இன்னொரு முறை குதிக்கச் சொன்னேன். அதே இரண்டு. மூன்றாவது முறையும் அதேதான்.

"எட்டு வாரமா என்னடி பண்ணே? எல்லாரும் உசுரக் குடுத்துப் பயிற்சி பண்ணாங்க, நீ மட்டும் ஓரமா நின்னு வேடிக்கை பாத்தியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன்.

"பண்ணேன்க்கா," என்றாள். ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அணியின் கோச் வந்து எண்களைக் கேட்டார். ஐம்பது வயது மனிதர், எந்நேரமும் விசிலைக் கழுத்தில் மாட்டியிருப்பார். பயிற்சி முகாமுக்குப் பன்னிரண்டு பேர் பட்டியலை அவர் வெள்ளிக்கிழமை மாலைக்குள் அனுப்ப வேண்டும். பதினொன்று முடிவாகிவிட்டது. கடைசி ஓர் இடத்துக்கு ஒட்டகமும், என் குழுவிலேயே இருந்த மின்னல் என்ற பெண்ணும் போட்டி. இரண்டு பேரும் ஆட்டத்தில் ஒருத்திக்கொருத்தி சளைத்தவர்கள் இல்லை. யார் முன்னேறிக்கொண்டிருக்கிறாளோ அவளுக்கு இடம், அதை உங்கள் எண் சொல்லட்டும் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார்.

"மின்னலுக்கு ஏழு. ஒட்டகத்துக்கு ரெண்டு, சார்."

"ரெண்டா? நல்லாத்தானே பண்ணிட்டிருந்தா?"

"ஒப்புக்குப் பண்ணியிருப்பா சார்," என்றேன். இந்த நாக்கை அப்போதே கடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

மறுநாள் காலை வீட்டில் அத்தைக்கு முழங்கால் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. அத்தை என்றால் என் மாமியார். இரண்டு மாதம் முன்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து எழ வேண்டும், பத்து தடவை. மெதுவாக என்பதைத் தவிர மீதி எல்லாவற்றையும் செய்வார். பாதி வழி வந்ததும் பொத்தென்று விழுந்துவிட்டு, "ஏழு" என்பார்.

"நாலுதான் ஆச்சு, அத்தை."

"உனக்கு எண்ணத் தெரியல. இதுல டாக்டர் பட்டம் வேற."

அப்போது என் கைப்பேசியில் ஒரு வீடியோ வந்தது. பெண்களில் யாரோ முந்தின நாள் என் பன்னிரண்டு பேரும் குதித்ததைப் பக்கவாட்டிலிருந்து படம் பிடித்து, மெதுவாக ஓடும்படி மாற்றி, பாட்டெல்லாம் சேர்த்து வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்கள். சிரிக்க வைக்கும் என்று அத்தையிடம் நீட்டினேன். பயிற்சியிலிருந்து தப்பிக்க ஒரு சாக்குக் கிடைத்த சந்தோஷத்தில் அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"ஏம்மா, இதுங்க என்ன, கீழ வர்றதுக்கு முன்னாடியே காத்துல உக்காந்துக்குதுங்க? அந்த நெட்டப் பொண்ணு ஒண்ணுதான் போன மாதிரியே திரும்பி வருது."

சிரித்துக்கொண்டேதான் கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். சிரிப்பு நின்றது, முதலிலிருந்து மறுபடி ஓட்டினேன்.

பதினொரு பேரும் மேலே போகும்போது கால் நேராக இருந்தது. கீழே வரும்போது, பாதம் விரிப்பைத் தொடுவதற்கு முன்பே முழங்காலும் இடுப்பும் மடங்கின. அழகாக, சத்தமில்லாமல், பூனை மாதிரி. நான் கற்றுக்கொடுத்த மாதிரியே. மடங்கிய கால் தரையைத் தாமதமாகத்தான் தொடும். விரிப்புக்கு முழங்கால் தெரியாது, நேரம் மட்டும்தான் தெரியும். பாதம் காற்றில் கூடுதலாக இருந்த அந்தத் துளி நேரத்தையெல்லாம் அது உயரம் என்று எழுதியிருக்கிறது. ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு தாமதித்தாலே ஆறு சென்டிமீட்டர் கூடிவிடும். இந்தக் கணக்கு எனக்குத் தெரியாதா? தெரியும். ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தில், நானே, 'இறங்கும்போது முழங்கால் நேராக இருக்க வேண்டும்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன். முதல் அளவீட்டு நாளில் எல்லோருக்கும் சொல்லியும் இருந்தேன். அதன் பிறகு எட்டு வாரம் உட்கார்ந்து அதற்கு நேர் எதிரானதை அவர்கள் காலுக்குப் பழக்கினேன். கடைசி நாளில் யாருக்கும் ஞாபகப்படுத்தவில்லை. திரையில் விழுந்த எண்ணைப் பார்த்தேனே தவிர, விரிப்பின் மேல் விழுந்த காலைப் பார்க்கவில்லை.

பதினொரு பேரின் ஆறு பொய். ஒட்டகத்தின் இரண்டுதான் நிஜம்.

இந்த இடத்தில் நான் உடனே உண்மையைச் சொல்ல ஓடினேன் என்று எழுத ஆசைதான். பேருந்தில் முக்கால் மணி நேரம் நான் யோசித்தது வேறு. என் ஆய்வேட்டை இந்த மாதம் சமர்ப்பிக்காவிட்டால் இன்னும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். "இன்னும் படிச்சு முடிக்கலையா?" என்று கேட்காத சொந்தக்காரர் ஒருவர் பாக்கி இல்லை. வீடியோவை வேறு யாரும் இந்தக் கண்ணோடு பார்க்கப் போவதில்லை. ஆறு ஆறாகவே இருக்கட்டும். அந்தப் பெண்ணின் இடத்தை மட்டும் எப்படியாவது காப்பாற்றிவிட்டால் போதும், யாருக்கும் நஷ்டமில்லை. இப்படிப் பூசி மெழுகிக்கொண்டே உள்ளரங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

கோச் பந்துகளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

"சார், அந்த ஒட்டகம் விஷயம். நேத்து அவளுக்கு உடம்பு சரியில்லையாம். அந்த ரெண்டை வெச்சு முடிவெடுக்க வேண்டாம்."

"அப்படியா?" என்றவர், வலை கட்டிக்கொண்டிருந்தவளை அங்கிருந்தே கூப்பிட்டார். "ஏ ஒட்டகம், நேத்து உடம்பு சரியில்லையா உனக்கு?"

அவள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "இல்ல சார். நல்லாத்தான் இருந்தேன்."

என் முகத்தில் ஈயாடவில்லை. ஒருத்தியைக் காப்பாற்றப் பொய் சொன்னால், அவளாவது கூட ஒத்துழைக்க வேண்டாமா? எனக்கு வந்த கோபத்தில், "நீ ஏண்டி அப்படி விறைப்பா எறங்கினே? எல்லாரும் மடக்கித்தானே எறங்கினாங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"நீங்கதானேக்கா மொத நாள் சொன்னீங்க. பெட்டியில இருந்து எறங்கும்போது மடக்கணும், மேட்ல அளக்கும்போது மட்டும் மடக்கக் கூடாதுன்னு."

"அது எட்டு வாரத்துக்கு முன்னாடி சொன்னது."

"மாத்திச் சொல்லலையேக்கா."

"வலிக்கலையா?"

"குதிகால் வலிச்சுது. மூணு தடவை குதிக்கச் சொன்னீங்கள்ல, இன்னைக்கும் கொஞ்சம் வலிக்குது." புகாராக இல்லை, கேட்டதற்குப் பதிலாக மட்டும் சொன்னாள்.

அந்த நிமிடம் எனக்கு என்னைப் பிடிக்காமல் போயிற்று. என் பயிற்சியைச் செய்த பன்னிரண்டு பேரில் நான் சொன்னதைச் சொன்னபடி செய்தவள் இவள் ஒருத்திதான். அவளைத்தான் நான் ஊர் பார்க்கத் திட்டினேன். பயிற்சியில் ஏமாற்றினாள் என்று போட்டுக்கொடுத்தேன். இப்போது அவளுக்காகவே பொய் சொல்கிறேன் என்று எனக்கு நானே பட்டுக்குஞ்சம் வேறு கட்டிக்கொண்டிருந்தேன்.

பந்து மூட்டை மேல் உட்கார்ந்தேன். கைப்பேசியை எடுத்துக் கோச்சிடம் காட்டினேன், ஆதியோடந்தமாக எல்லாவற்றையும் சொன்னேன். ஒட்டகம் போகாமல் அங்கேயே நின்று கேட்டாள்.

கோச் வீடியோவை இரண்டு தடவை பார்த்தார். "அப்ப மின்னலோட ஏழு?"

"தெரியாது சார். ஒண்ணா இருக்கலாம், மூணா இருக்கலாம். ஏழு இல்ல, அது மட்டும் நிச்சயம்."

"நாளன்னிக்குப் பட்டியல் அனுப்பணும். நான் எதை வெச்சு முடிவு பண்றது, டாக்டரம்மா?" அவர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார், கேலியாக. அன்று அதில் கேலி இல்லை.

"திரும்பக் குதிக்க வெக்கலாம். ஆனா எட்டு வாரத்துக்கு முன்னாடி எவ்வளவு குதிச்சாங்கன்னு, மேட் இல்லாம, முட்டி மடங்கினா மாறாத மாதிரி ஓர் அளவு வேணும். மொத நாள் எல்லாரும் நேரா எறங்கினாங்களான்னும் நான் பாக்கல, அதனால அந்த மேட் எண்ணும் உதவாது. அதுக்கு நான் எங்க போவேன்?"

கோச் எழுந்து, சாமான் அறைக்குப் பக்கத்தில் சாத்தி வைத்திருந்த உடற்பயிற்சிப் பாய்களை ஒவ்வொன்றாக நகர்த்தினார். பின்னால் சுவர். சுவரில் தலைக்கு மேலே, நெருக்கமாக, பென்சில் கோடுகள்.

"நீங்க வெள்ளையடிக்கச் சொல்லி லெட்டர் குடுத்த சுவருதான்," என்றார்.

குடுத்தேன்தான். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் அவர் பெண்களைச் சுவருக்குப் பக்கவாட்டில் நிற்க வைத்து, விரல் நுனியில் சாக்பீஸ் தூள் தடவி, நின்ற இடத்திலிருந்தே எம்பித் தொடச் சொல்வார். வெள்ளை பட்ட இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, பட்டப்பெயரும் தேதியும் எழுதுவார். ஆய்வு நடக்கும் இடத்தில் இது என்ன கிறுக்கல், பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று நிர்வாகத்துக்கு எழுதினேன். நல்லவேளை, நிர்வாகம் எந்தக் கடிதத்துக்கும் அசைந்து கொடுப்பதில்லை.

இந்தப் பருவத்தின் இருபத்துநாலு கோடுகளும் இருந்தன. தேதியைப் பார்த்தேன். என் முதல் அளவீட்டுக்கு இரண்டு நாள் முன்பு. சுவரைத் தொடும் விரலுக்கு, கால் எப்படி இறங்குகிறது என்பது பற்றிக் கவலையே இல்லை. அந்தச் சுவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

என் வழிகாட்டிப் பேராசிரியைக்கு அங்கிருந்தே போன் செய்தேன். நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"முதல் அளவீட்டை ஏன் வீடியோ எடுக்கல?" என்றார்.

"தோணல, மேடம்."

"சரி. நாளைக்கு நான் வரேன். டேப் நான் பிடிக்கிறேன், நீ தொடாதே. உனக்கு ஆசை இருக்கு. யார் எந்தக் குழுன்னும் எங்கிட்ட சொல்லாதே."

வியாழக்கிழமை காலை இருபத்துநாலு பேரும் சுவருக்கு எதிரே வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆரம்பிக்கும் முன் நான் எழுந்து நின்றேன். மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. என் கணவரிடம் கேட்டால் இன்னும் விவரமாகச் சொல்வார்.

"செவ்வாய்க்கிழமை உங்க எல்லார் முன்னாலயும் ஒட்டகத்தைத் திட்டினேன். தப்பு அவ மேல இல்ல, என் மேல. அதனால உங்க எல்லார் முன்னாலயும் சொல்றேன். என்னை மன்னிச்சுக்கோ."

"பரவால்லக்கா," என்றாள் அவள், காது சிவந்துபோய்.

மின்னல் கை தூக்கினாள். சிறிய உருவம், கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. "அப்ப நாங்க ஏமாத்தினோமா, அக்கா?"

"இல்லடி. நான் பழக்கினதை உங்க கால் ஒழுங்காச் செஞ்சுது. மேட் அதைத் தப்பாப் படிச்சுது. அதை நம்பினது நான். உங்க முட்டிக்கு அந்த இறக்கம் நல்லது, அதை விட்டுடாதீங்க."

ஒவ்வொருத்தியாக வந்தார்கள். விரலில் தூள், ஓர் எம்பல், சுவரில் ஒரு வெள்ளைப் பொட்டு. கோச் மேசை மேல் நின்று கோடு போட்டார், மேடம் இன்னொரு மேசையில் நின்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து எண்ணைச் சொன்னார், நான் எழுதினேன். ஒன்றரை. இரண்டு. பூஜ்யம். அரை. இரண்டு. மின்னலுக்கு ஒன்று. அவள் சுவரை ஒரு கணம் அண்ணாந்து பார்த்துவிட்டு, ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டாள். இல்லாத ஏழு சென்டிமீட்டரை அவளுக்குக் கொடுத்ததும் நான்தான், பிடுங்கியதும் நான்தான்.

ஒட்டகத்துக்கு இரண்டரை. அந்தக் காலையில் அதைவிடப் பெரிய எண் வரவில்லை.

மற்றவர்கள் தண்ணீர் குடிக்கப் போனபோது, யார் எந்தக் குழு என்று மேடத்திடம் காட்டினேன். அவர் மேசையில் உட்கார்ந்தபடியே பேனாவால் கூட்டிப் பார்த்தார். என் குழுவுக்குச் சராசரி இரண்டுக்குக் கொஞ்சம் குறைவு. மற்றக் குழுவுக்கு அரை.

"இருக்கு," என்றார்.

"என்ன, மேடம்?"

"உன் பயிற்சி வேலை செய்யுது. ஆறு இல்ல, ஒண்ணே முக்கால். ஆறுன்னு சொன்னப்ப எனக்கே உள்ளுக்குள்ள உறுத்தலாத்தான் இருந்துது. இதை நான் நம்புவேன்." தாளை மடித்து என்னிடம் கொடுத்தார். "இந்த மாசம் சமர்ப்பிக்கிறதை மறந்துடு. கால் தரையை அழுத்துற விசையைத் துல்லியமா அளக்கிற தகடு வெச்சு இன்னொரு அணியில எடுக்கணும். அந்த மேட் ஏமாத்தின கதையை ஒரு முழு அத்தியாயமா எழுது. இதே தப்பை எத்தனை பேர் பண்ணிட்டிருக்காங்களோ."

ஆறு மாதம். சொந்தக்காரர்களின் கேள்வி காதில் ஒலித்தது. ஒலித்தால் ஒலிக்கட்டும் என்று முதல் முறையாகத் தோன்றியது. ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் என்பது என் சுண்டு விரலின் ஒரு கணு அளவுகூட இல்லை. ஆனால் அது இருந்தது. யார் வந்து அளந்தாலும் இருக்கும். இறக்கத் தெரிந்த கால் எம்பத்தான் செய்கிறது. எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான்.

கோச் பட்டியலை அங்கேயே எழுதினார். பன்னிரண்டாவது பெயர் ஒட்டகம். கீழே ஒரு கோடு இழுத்து, யாருக்காவது காயம் பட்டால் போக வேண்டியவள் என்று மின்னலின் பெயரையும் எழுதினார். மின்னலை நான் தனியாகக் கூப்பிட்டு, அடுத்த அளவீட்டுக்குள் அந்த ஒன்றை மூன்றாக்குவோம், தினமும் நானே கூட நிற்கிறேன் என்றேன். "இந்தத் தடவை நிஜமான மூணா, அக்கா?" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே. வாய்க்கொழுப்பைப் பாருங்கள். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

பாய்களை மறுபடி சாத்தும் முன் ஒட்டகம் சுவருக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இன்னொரு தடவை குதிச்சுப் பாக்கட்டுமா, சார்? கணக்குக்கு இல்ல, சும்மா."

கோச் தலையாட்டினார். குதித்தாள். மறுபடியும் அதே 'தொம்', பலகைத் தரையெல்லாம் அதிர. அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலையிலிருந்து அவள் இப்படித்தான் இறங்கிக்கொண்டிருக்கிறாள்.

"இது சுவருடி, மேட் இல்ல. இங்க ஏன் விறைப்பா எறங்குறே?"

"மடக்கலாமாக்கா?" என்றாள். "அளக்கும்போது மடக்கக் கூடாதுன்னுதானே சொல்லியிருக்கீங்க."

மூன்று நாளாக வலிக்கும் குதிகாலோடு, நான் ஒரு வார்த்தை மாற்றிச் சொல்வேன் என்று இந்தப் பெண் காத்திருந்திருக்கிறாள்.

"மடக்கு," என்றேன். "தாராளமா மடக்கு. எறங்குறதைப் பத்தி நெனைக்காம எம்பு."

விரலில் புதிதாகத் தூள் தடவிக்கொண்டாள். எம்பினாள். இறங்கிய சத்தமே எனக்குக் கேட்கவில்லை. கோச் மேசை மேல் ஏறி, முந்தின கோட்டுக்கு மேலே பட்ட வெள்ளைப் பொட்டில் பென்சிலை வைத்தார். டேப்பை மேடம் ஏற்கெனவே பைக்குள் போட்டிருந்தார். வெளியே எடுங்கள் என்று யாரும் சொல்லவில்லை, அவராகவே எடுத்தார்.